பூட்டிய அறையில் கரிச்சட்டி

மார்கழியில் வீட்டைச் சூடாக்கும் ஹைற்சுங் பழுதாவதென்றால் சனிக்கிழமையில்தான் பழுதாகும். வேலை நாளென்றால் திருத்துகிறவர் உடனே வந்துவிடுவார் என்று அந்தச் சனியனுக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் மாடி வீட்டில், சமையலறைச் சுவரில் தொங்கும் எரிவாயுக் கொதிகலன் காலையில் ஒருதரம் செருமிவிட்டு அடங்கியது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு மினுங்கியது. மறுபடி அழுத்தினேன். அப்போது என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வேறு வருடமென்றால் இரண்டு ஜம்பரைப் போட்டுக்கொண்டு சமாளித்திருப்போம். அந்த வருடம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருமகனுக்கு அன்று முழுநாளும் வேலை. திருத்துகிற கம்பனியின் அவசர எண்ணுக்கு எடுத்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெண் வந்து, பின்னேரம் ஆள் வரும் என்றாள். வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்றேன். பின்னேரம் என்றாள் மறுபடியும், மிக மரியாதையாக.

என் மனைவி ஜெர்மனியில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் பிள்ளைப்பேறு விஷயத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓர் அடி நகராதவள். தாய்க்கு மூலிகை அவித்த தண்ணீரில் குளிப்பு, மிளகு, மஞ்சள் என்று சரக்கரைத்த கறி. குழந்தைக்குக் குளித்தவுடன் சாம்பிராணிப் புகை. பல்கனியில் நாலு கரித்துண்டை மூட்டி, சாம்பிராணியைத் தூவி, அறைக்குள் கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப் போவாள். படுக்கையறைக் கூரையில் இருந்த புகை எச்சரிப்பான் அதற்கெல்லாம் கத்துகிறது என்று கழற்றி அலுமாரிக்குள் போட்டிருந்தாள். வீட்டுக்கு வரும் ஜெர்மன் மருத்துவிச்சி, அறைக்குக் காற்று வேண்டும் என்று யன்னலைத் திறப்பாள். அவள் படி இறங்கி முடிவதற்குள் என் மனைவி பூட்டிவிடுவாள். இருவருக்கும் ஒருவரையொருவர் நல்ல பிடிப்பு, யன்னல் ஒன்றைத் தவிர.

"இஞ்சேருங்கோ, கரண்ட் ஹீற்றர் எண்டாலும் ஒண்டு வாங்கிக்கொண்டு ஓடி வாங்கோ. பிள்ளையின்ரை கால் சில்லிட்டுப் போச்சு" என்றாள்.

நான் விளம்பரத் தாள்களைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவன். எது மலிவு, எது மலிவுபோல நடிக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. நத்தார்ச் சாமான்களை ஐப்பசியிலேயே வாங்கி ஒதுக்கிவிட்டு, மார்கழிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஆள். அன்று அந்தக் கூட்டத்துக்குள் நானும் முட்டுப்பட்டேன். முதற் கடையில் ஹீற்றர் இருந்த தட்டில் மின்விளக்குக் கலைமான்கள் நின்றன. அடுத்த கடையில், தை மாதம் வரும் என்றார்கள். தை மாதம் எனக்கென்னத்துக்கு? கடைசியில் ஊரின் ஓரத்தில் கட்டடச் சாமான் விற்கும் பெரிய கடையில், பெட்டிகூட இல்லாமல், காட்சிக்கு வைத்த ஒன்று மிஞ்சியிருந்தது. இன்னொருவர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். வலைக்குள் சுற்றிய நத்தார் மரங்களோடு எனக்கு முன்னால் ஒரு ஊர்வலமே நின்றது.

அப்போது மனைவி தொலைபேசி எடுத்தாள். "அந்தரப்படாமல் ஆறுதலா வாங்கோ. கோடைக்கு இறைச்சி சுட வாங்கின கிறில் கரி பல்கனியிலை கிடந்தது. பெரிய இரும்புச் சட்டியிலை மூட்டி அறைக்குள்ளை வைச்சிருக்கிறன். கதவு இடுக்கு, யன்னல் இடுக்கு எல்லாம் துவாயாலை அடைச்சுப்போட்டன். இப்ப நல்ல கணகணப்பு. தாயும் பிள்ளையும் நல்ல நித்திரை."

"நீர் கெட்டிக்காரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வரிசை ஓரத்தில் அடுக்கியிருந்த சொக்கிலேற்றில், மருத்துவிச்சிக்கென்று ஒரு பெட்டியை எடுத்து விலையைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

காசு கட்டும் இடத்தை நெருங்கும்போது மகள் எடுத்தாள்.

"அப்பா, வரேக்கை அப்பொதேக்கையிலை தலையிடிக் குளிசை வாங்கிக்கொண்டு வாங்கோ."

"பால் குடுக்கிறனி, கண்டதையும் போடக்கூடாது. எதெண்டு கேட்டு வாங்கிறன். கடுமையா இடிக்குதே?"

"ஓம். வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வாற மாதிரி." அவள் பேச்சு இழுபட்டது. "நித்திரையா வருதப்பா. பிள்ளையும் நல்ல நித்திரை. பாலுக்கும் எழும்பேல்லை."

நான் வேலை செய்யும் இரும்புத் தொழிற்சாலையில் வருடா வருடம் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். கோப்பி குடித்துக்கொண்டு அரைக் கண்ணோடு கேட்கிற வகுப்பு. மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. முதலில் தலையிடிக்கும், பிறகு நித்திரை வரும். அந்த நித்திரையிலிருந்து எழும்ப மாட்டீர்கள் என்று சொல்லித் தந்தார்கள்.

பாலுக்கும் எழும்பவில்லை.

"பிள்ளை, எழும்பு. எழும்பி யன்னலைத் திற. இப்பவே!"

"ஓம்... பிறகு" என்றாள். அதன்பின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

மனைவியின் தொலைபேசிக்கு அடித்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் கும்பிடாத தெய்வமில்லை. கடைசியில் எடுத்தாள். சமையலறையில் நின்றிருக்கிறாள்.

"ஓடிப் போய் அறை யன்னலைத் திறவும். சட்டியை வெளியிலை எடும்!"

"உங்களுக்கு விசரே? இப்பதான் அறை சூடாகிக் கிடக்குது. வெளியிலை பனி கொட்டுது."

"கரியாலை நஞ்சு வருது. திறவும்!"

"என்ன கதை கதைக்கிறியள்? என்னைப் பெத்தவ எங்கள் எல்லாரையும் கரிச்சட்டி வைச்சுத்தானே வளர்த்தவ. நாங்கள் என்ன செத்தே போனனாங்கள்?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஊரில் அந்த வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று வந்துபோனது. இங்கே இரட்டைக் கண்ணாடியும் ரப்பர் விளிம்பும், போதாததற்கு இவளுடைய துவாயும். இதையெல்லாம் விளங்கப்படுத்த நேரமில்லை.

"பிள்ளை செத்துப்போகும்!" என்று கத்தினேன்.

பச்சைக் குழந்தையைப் பற்றி அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நினைக்கவும் மாட்டார்கள். "வாயைக் கழுவுங்கோ!" என்று அலறியபடி ஓடினாள். கதவு அடிபட்டது. யன்னல் பிடி திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. தொலைபேசி கீழே விழுந்திருக்க வேண்டும்.

ஹீற்றரை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுத் தீயணைப்புப் படைக்கு அடித்தேன். முகவரியைச் சொல்லும்போது என் வீட்டு இலக்கமே எனக்கு மறந்து, பிறகு வந்தது. காரை எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. சிவப்பு விளக்குகளில் நின்றபோது ஸ்ரியறிங்கில் அடித்து அழுதேன்.

எங்கள் தெருவில் நீல விளக்குகள் சுழன்றன. மாடியில் எல்லா யன்னல்களும் அகலத் திறந்து கிடந்தன. மகளை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஒட்சிசன் முகமூடிக்கு மேலே கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைத் தூக்கினாள். குழந்தையை முந்திய வண்டியில் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் ஒரு தீயணைப்பு வீரர். உயிரோடா என்று கேட்டேன். ஓம், சுவாசிக்கிறது என்றார். கூரையில் எச்சரிப்பான் இல்லாததைக் கண்டிருக்கிறார். அது இந்த வாயுவுக்குக் கத்தாது, இருந்தாலும் திரும்ப மாட்டுங்கள் என்றார். என் மனைவி கோட்டுமில்லாமல், வீட்டுச் செருப்போடு பனிக்குள் நின்றாள். என் ஜக்கெற்றைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டேன். அவளுக்கு அது தெரியவேயில்லை.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். வீட்டில் இருந்த மூவரிலும் மனைவி ஒருத்தியே சமையலறைக்கும் அறைக்கும் நடந்து திரிந்ததால் தப்பியிருந்தாள். அவளையும் சோதித்து, ஒன்றுமில்லை என்றார்கள். பொழுது படும் நேரத்தில் டாக்டர் வந்து, இருவருக்கும் ஆபத்து நீங்கியது, கவனிப்பதற்காக மறித்து வைக்கிறோம் என்றார். நான் அவருடைய கையைப் பிடித்து விடாமல் குலுக்கினேன். மனைவி அறை வாசலைத் தாண்டவில்லை. நிலையில் சாய்ந்து நின்றாள். கரிக் கறுப்பு அவள் நகங்களில் இருந்தது.

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, நான் டொய்லெற்றுக்குப் போகவேணும். பிள்ளையைப் பிடியுங்கோ."

"அப்பாட்டைக் குடு."

"அப்பாவுக்குத் தலையைத் தாங்கத் தெரியாது. நீங்கள் வாங்கோ அம்மா."

இத்தனை வருடத்தில் எதற்கும் என் அனுமதி கேட்டிராத பெண் என்னைப் பார்த்தாள். "போம்" என்றேன். கைகளைச் சட்டையில் துடைத்துத் துடைத்து உள்ளே போனாள். மகள் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

கைமாறியதும் குழந்தைக்குப் பசி நினைவுக்கு வந்துவிட்டது. முகம் சிவக்க வீரிட்டது. தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். என் மனைவி குழந்தையைத் தட்டவுமில்லை, ஆட்டவுமில்லை. கன்னத்தால் வழிந்ததைத் துடைக்காமல் குனிந்து சொன்னாள்: "கத்தடி என்ரை செல்லம். நல்லாக் கத்து."