எண்ணெய் வாசனை இல்லாத சட்டை

"வறுமைன்னா என்னப்பா?" பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் மகள் கேட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்து யூனிபார்மைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை.

என் அப்பாவின் நீலக் கம்பெனிச் சட்டையிலும் இதே வாசனைதான். நான் சிறுவனாக இருந்தபோது ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். விடியும் முன்பே அப்பா ஜூஜுவாடிப் பக்கம் லாரிகளில் லோடு இறக்கப் போய்விடுவார். அம்மா மட்டும் அந்தச் சட்டையைத் தினமும் துவைத்துக் கொடியில் போட்டாள். அழுக்கே இல்லாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று கேட்டேன்.

"வேல இல்லன்னு தெரிஞ்சா வீட்ட காலி பண்ணச் சொல்லிருவாங்கடா."

வறுமை என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதே இல்லை. "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் துணிகளையும் சேர்த்து வாரியெடுத்த வீட்டுக்கார அம்மா, மடித்த சட்டையோடு ஒரு கிண்ணத்தில் ராகிக் களியையும் கொண்டுவந்து நீட்டினார்.

"தகோம்மா, வாங்கிக்கோ, களி மிஞ்சிப்போச்சு. இந்தச் சட்டைய இனிமே துவைக்காத, கிழிஞ்சிடும். எண்ண வாசன போயி ரொம்ப நாளாச்சு."

மிஞ்சிப்போன களியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அம்மா கதவைச் சாத்தினாள். எனக்கு ஊட்டிவிட்டு, அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சட்டை அதன்பிறகு கொடிக்கு வரவில்லை.

"சொல்லுப்பா," என்றாள் மகள்.

"கஷ்டம்னு எழுதிக்கோ."