செயினை இடப்பக்கம் மாற்றிய வேலை

1. செருப்பில் ரத்தம்

வெள்ளையண்ணன் கடை முன்னால் வந்து நின்றபோது அவருடைய வலது செருப்பு முழுக்க ரத்தமாக இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. செயின் லூசாகிவிட்டது, இழுத்துக் கட்டு என்று சொல்லத்தான் வந்திருந்தார். என் மனைவி செல்விதான் முதலில் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, கால்ல ரத்தம் போவுதுங்களே!”

“யாருக்கு?” என்றார் அவர்.

மலைமேல் சில சிற்றூர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் ரோட்டோரமாக முப்பது வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். இப்போது சைக்கிள் வேலை குறைவு, வண்டிப் பஞ்சர்தான் அதிகம். எட்டாவது வரை படித்தேன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துவிடும். வருகிறவர்களிடம் செல்வி பேசுவாள், நான் தலையைக் குனிந்து வேலை செய்வேன். “அவருகிட்ட என்னத்தக் கேக்கறீங்க, அவரு சைக்கிள்கூட மட்டுந்தான் பேசுவாரு” என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

வெள்ளையண்ணன் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். தினமும் காலையில் ஐந்து சிற்றூருக்கும் போய் வால்வு திறந்துவிட வேண்டும். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஏற்றமும் இறக்கமும்தான். அவருக்குச் சர்க்கரை நோய். வலது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் மோட்டார் வண்டியில் பிரேக் மிதிக்க முடியாது. சைக்கிள் என்றால் கையிலேயே பிரேக். ஆனால் கால் தானாக உள்ளே சரிந்து செயின் வீலில் உரசும். பல் கணுக்காலைக் கடிக்கும். அவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே போவார்.

அன்று செல்வி காலைக் கழுவித் துணி கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அப்போதுதான் அவர் எங்களிடம் சொன்னார்.

“இன்னும் ஒரு புண்ணு வந்து ஆறாம போனா காலை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க கண்ணு. காலு போனா வேலையும் போச்சு.”

2. தகர கவர்

செயின் கவர் போட்டால் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பழைய முழுக் கவர் ஒன்று கிடந்தது. தட்டி நிமிர்த்தி மாட்டினேன். மழைக்காலம். பத்து நாளில் செம்மண் சேறு உள்ளே போய் இறுகி, செயின் கவரிலேயே கரகரவென்று உரச ஆரம்பித்தது. வழியில் யாரோ கல்லால் தட்டி நிமிர்த்தியதில் தகரத்தின் விளிம்பு பிரிந்துவிட்டது. அந்த விளிம்பு அவர் காலைக் கிழித்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அவருடைய மகள் மல்லிகா நடந்துபோய் வால்வு திறந்தாள். கடைசி ஊருக்குத் தண்ணீர் போக மதியம் ஆகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் ஆளை மாற்றச் சொல்லிப் பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியதும் கவரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“இத நீயே வெச்சுக்க தம்பி. ஒண்ணு கேக்கறேன், பண்ணுவியா? அந்தப் பல்லைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுரு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“இந்தக் காலுக்குத்தான எதும் தெரிய மாட்டேங்குது? அந்தக் காலுக்குத் தெரியுமே. கடிச்சா கத்துவேன்ல?”

செல்வி சிரித்துவிட்டாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அப்படி மாற்றிய சைக்கிளை நான் பார்த்ததே இல்லை. செய்து பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. தலையை ஆட்டினேன்.

3. என்னென்ன மாற வேண்டும்

இளம் மெக்கானிக்குகளுக்காக இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்கும் கோட்டர் பின்னைத் தட்டி எடுத்து, செயின் வீலோடு இருக்கும் தண்டை, அதாவது கிராங்கை, இடப்பக்கம் மாட்டலாம். நடு ஆக்சிலில் செயின் பக்கத்து முனை நீளம். அதையும் திருப்பிப் போட வேண்டும். பெடல் மரை இரண்டு பக்கமும் ஒன்றல்ல. இடது பெடலுக்கு இடது மரை. மாற்றி மாட்டினால் மிதிக்க மிதிக்கக் கழன்று வரும். அது எனக்குத் தெரியும், மறக்கவில்லை. செயின் வீல் உரசாதபடி இடது குழாயையும் லேசாகத் தட்டிவிட்டேன்.

பின்சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சக்கரத்தைத் திருப்பிப் போட்டால், மிதிக்காதபோது சும்மா சுற்றும் பின்பல்லான ஃப்ரீ வீல் இடப்பக்கம் வந்துவிடும். ஆனால் முன்னால் மிதித்தால் சும்மா சுற்றும், பின்னால் மிதித்தால்தான் பிடிக்கும். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் சக்கரத்தையும் கிராங்குகளையும் பெடல்களையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போனேன். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம்.

“என்னப்பா, மனுஷன முன்னாடி போக விடமாட்டியா?” என்று கிண்டல் செய்தார். பிறகு சொன்னார்: “இடப்பக்கம் பிடிக்கிற ஃப்ரீ வீல் இங்க கிடைக்காது. ஒரே வழிதான். உள்ள சுத்தாம வெல்டு வெச்சு, சக்கரத்து நடு ஹப்போடயும் சேத்து வெல்டு வெச்சரலாம். அப்புறம் சக்கரம் சுத்துனா பெடலும் சுத்தும். நிக்காது. எறக்கத்துல ஜாக்கிரதைன்னு அவருகிட்டச் சொல்லிரு.”

“சரிங்க பாய்” என்றேன். சக்கரத்தில் வெல்டு வைத்தார். பெடல்களையும் கழலாதபடி கிராங்கோடு ஒரு பொட்டு வெல்டு வைத்துக் கொடுத்தார்.

4. ஓட்டிப் பார்த்தது

சைக்கிளைப் பூட்டி முடித்த அன்று கடை முன்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “பாரப்பா, கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்குது” என்றார் ஒருவர். வெள்ளையண்ணன் வலப்பக்கம் குனிந்து, வெறும் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

“தம்பி, நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்கணும்.”

வழக்கம்போல முதலில் நானே ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் நன்றாகப் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கம். அதில் இறங்கினேன். பெடல் என் காலை இழுத்துக்கொண்டு சுற்றியது. வலது கால் நழுவியது. சுற்றி வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி ஒன்று வைத்தது. வலியில் காலைத் தூக்கிக்கொண்டு, பிரேக் பிடித்து இறங்கினேன்.

திரும்பி வரும்போது வேட்டியை இறக்கிவிட்டு அந்த இடத்தை மறைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்படிங்க இருக்குது?” என்றாள் செல்வி.

“நல்லாருக்குது” என்றேன்.

வெள்ளையண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்ததும், பாய் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். “எறக்கத்துல மெதுவாப் போங்கண்ணா” என்று மட்டும்தான் வந்தது. எல்லாருக்கும் சொல்வதுதான் அது. “சரி சாமி” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

எனக்கு வலித்ததால் காலைத் தூக்கிக்கொண்டேன். வலிக்காத கால் தூக்காது. இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்குப் போய்க் காலில் எண்ணெய் தடவும்போது யோசித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் போகும் வழியில் முதல் மூன்று ஊருக்குப் பெரும்பாலும் ஏற்றம்தான். அதுவும் எனக்கு ஒரு சாக்காகப் போயிற்று.

5. கடைசி ஊர்

அவர் கீழே விழவில்லை. விழுந்திருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை நாலாவது ஊரிலிருந்து கடைசி ஊருக்கு நீள இறக்கத்தில் போயிருக்கிறார். வலது கால் நழுவித் தொங்கியிருக்கிறது. இறக்கம் முடியும் வரை பெடல் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் அடித்திருக்கிறது. அவர் மெதுவாகத்தான் போயிருக்கிறார், நான் சொன்ன மாதிரி. போய் வால்வைத் திறந்துவிட்டு, “இனிமே நேரத்துக்குத் தண்ணி வரும், ஆபீசுக்கு எழுத வேண்டாம்” என்று குழாயடியில் இருந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவர்கள்தான் காலைப் பார்த்துக் கத்தினார்கள். எலும்பு தெரிந்தது என்று மல்லிகா சொன்னாள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு முறை செல்விதான் போய் வந்தாள். “உங்களத்தான் கேட்டாருங்க” என்றாள். அப்போதும் போகவில்லை.

6. திரும்ப வலப்பக்கம்

வேலையை மல்லிகாவுக்கே கொடுத்தார்கள். ஒரு நாள் அவள் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஒரு வண்டியில் வெள்ளையண்ணன் வந்து, கட்டையை ஊன்றி இறங்கினார்.

“எனக்கு இனி எந்தப் பக்கம் இருந்தா என்ன தம்பி? புள்ள ஓட்டோணும். பழையபடி மாத்திக் குடு.”

அந்த ஹப் உதவவில்லை. வெல்டு வைத்ததில் மரை வெந்துபோயிருந்தது. கிராங்கும் பெடலும் அப்படித்தான். வேறு ஹப், வேறு ஃப்ரீ வீல், வேறு கிராங்க், வேறு பெடல் போட்டேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டர் பின்னை அடிக்கும்போது, தலையைத் தூக்காமல் சொன்னேன்.

“அன்னைக்கு நான் ஓட்டிப் பாத்தப்பவே பெடலு என் கால்ல அடிச்சுதுங்கண்ணா.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“அப்பவே சொல்லியிருந்தா, எறக்கத்துல தள்ளிக்கிட்டுப் போயிருப்பேனே தம்பி” என்றார்.

அவ்வளவுதான். மல்லிகா ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். போய்விட்டார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஓட்டிப் பார்க்கும்போது உங்கள் உடம்புக்குத் தெரிந்ததை, வண்டியைக் கையில் கொடுக்கும் முன்பு சொல்லிவிடுங்கள். ஆட்கள் பாராட்டிக்கொண்டு நின்றாலும் சொல்லுங்கள். பேச வராவிட்டால் ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது என்றால்கூட எழுதிக் கட்டுகிறேன். வருகிறவர்களுக்குச் செல்வி படித்துக் காட்டுவாள். இந்தப் பழக்கம் எனக்கு வந்தது அவருடைய கால் போன பிறகுதான்.