கடல் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். திருவிழாவில் தொலைகிற வயசில்லை அவருக்கு. ரிட்டயர்டு ஏட்டு. ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் எந்த நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று சொல்லக்கூடிய மனிதர். காணாமல் போனவர்களைத் தேடிப் பிடிப்பதையே உத்தியோகமாகப் பார்த்தவர்.

ஆனால் நான் பயந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாகவே அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜில் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரரை, அவருடைய இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்கிறார்.

வயசானால் இதெல்லாம் சகஜம்தானே என்பீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில், பெற்ற மகனைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரித்தார். அப்போது காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றவள் நான். எப்படிச் சொல்லிக்கொள்வது?

சென்னையிலிருந்து மகள் கோதையும் மாப்பிள்ளையும் லீவுக்கு வந்திருந்தார்கள். "மதுரைக்குப் போயி ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்ப்பா" என்று கோதை தொடங்கினாள்.

"எனக்கு என்ன கேடு? ஒங்க அம்மை எதாவது ஓதிவிட்டாளா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம்தான் இந்தத் தூத்துக்குடித் திட்டம். மாதா கோயில், பழைய துறைமுகம், கப்பல், அந்த ஊர் இனிப்பான மக்ரூன்... வெளியே பார்த்தால் பிக்னிக். உள்ளே? புது ஊரில் அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்கும் பரீட்சை. ஆளுக்கு ஒரு கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு கப்பல் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உப்பளம் வந்தது, போனது. துறைமுகத்தில் கிரேன் எதையோ தூக்கியது. எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. அவர் என்னவோ ரொம்ப உற்சாகமாகத்தான் இருந்தார்.

மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், "நீங்க பூங்காவுக்கு நடங்க. நான் மக்ரூன் வாங்கிட்டு வாரேன்" என்றார். கோதை என்னைப் பார்த்தாள் — தனியாக விடாதே என்று அர்த்தம். ஓர் ஏட்டை எப்படிக் கையைப் பிடித்து நிறுத்துவது? விட்டுவிட்டேன்.

கோதை விவரமானவள். அப்பாவின் போன் எங்கே போகிறது என்று மாப்பிள்ளையின் போனில் தெரிகிற மாதிரி காலையிலேயே செட் பண்ணி வைத்திருந்தாள். ஒரு நீலப் புள்ளி. அதுதான் என் வீட்டுக்காரர்.

பூங்காவில் உட்கார்ந்தோம். உச்சி வெயில், நிழல் எல்லாம் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. போன் வந்தது. "மக்ரூன் வாங்கிட்டேன். பீச் ரோட்டுக்கு வந்தாச்சு. எங்கிட்டு வரணும்?"

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இடது, வலது எல்லாம் சரிப்படாது. பந்தியில்கூட, "செத்த மேக்க தள்ளி உக்காருங்க" என்போம். வந்த புதிதில் மாப்பிள்ளை திணறிப்போனார். இப்போது தேறிவிட்டார். மேப்பைப் பார்த்து, "தெக்க வாங்க மாமா" என்றார்.

"இந்தா வாரேன்."

நீலப் புள்ளி நகர்ந்தது. வடக்கே.

"மாமா, தெக்க..."

"தெக்கதான் வந்துட்டு இருக்கேன்."

இன்னும் வடக்கே போனது. "அங்கேயே நில்லுங்க மாமா, நான் கார் எடுத்துட்டு வர்றேன்" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு? நான் என்ன சின்னப்புள்ளையா?" போனை வைத்துவிட்டார்.

புள்ளி விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. நேரே நடந்தால் வந்து சேருகிற ரோடு. அதில்கூட வரத் தெரியவில்லையா? எனக்கு அவர் அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு என்னைப் பார்த்தும் எந்த ஊர் என்று கேட்பாரா?

கோதை மறுபடி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். குழந்தையிடம் கேட்கிற குரலில், "அப்பா, ஒங்களுக்குக் கடல் தெரியுதா?" என்றாள்.

"தெரியாம? பக்கத்துலதான கெடக்கு."

"எந்தப் பக்கம்ப்பா?"

"மேக்க."

கோதைக்குக் கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நான் மட்டும், "ஆமா, மேக்கதான?" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அத்தை... கடல் கிழக்கே இருக்கு" என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

தெரியும். பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவள்தான். ஆனால் உடம்பு பள்ளிக்கூடத்துக்கா போனது? எங்கள் ஊரில் எந்தச் சந்தில் நின்றாலும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு மலை நிற்கும். அது மேற்கு. பிறந்ததிலிருந்து அவ்வளவுதான் கணக்கு. இங்கே ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு கடல் கிடந்தது. காலையிலிருந்தே என் மனசு அதைத் தூக்கி மலை இருக்கிற இடத்தில் வைத்துவிட்டிருக்கிறது. அவர் மனசும் அதைத்தான் செய்திருக்கிறது! மேற்கு புரண்டால் தெற்கும் புரளத்தானே செய்யும்?

போனைப் பிடுங்கினேன். "ஏங்க, நீங்க இப்ப தேவதானம் போற பக்கமா போய்க்கிட்டு இருக்கீங்க. அப்படியே திரும்பி, நம்ம வீட்டுல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போறதா நெனச்சுக்கிட்டு நடங்க."

எங்கள் ஊருக்குத் தேவதானம் தெற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் வடக்கே.

"இப்படித் தெளிவாச் சொல்ல வேண்டியதுதான? மாப்பிள்ளை எதுக்குத் தெக்க தெக்கங்காரு?"

நீலப் புள்ளி நின்றது. திரும்பியது. தெற்கே வர ஆரம்பித்தது.

சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, மக்ரூன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அதனால் திட்டினேன். வேறென்ன செய்வது?

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கடலுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. ஃபிரிட்ஜில் கிடக்கும் கண்ணாடிக்கு என்ன சமாதானம்? திரும்பி வரும்போது காரில் இதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"கொஞ்ச நாளா என்னைய வேவு பாக்குத, இல்லையா? ஒரு ஏட்டுக்கு அது தெரியாதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"போன வாரம் பாலை அடுப்புல வச்சுட்டு பத்திரிகைக்கு எழுத உக்காந்துட்ட. அதுக்கு முந்துன வாரமும் அப்படித்தான். ரெண்டு வாட்டியும் நான்தான் அணைச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ."

நான் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.

"டாக்டர்கிட்ட போவோம்" என்றார். "ஆனா ரெண்டு டோக்கனாப் போடச் சொல்லு."

போட்டாகிவிட்டது. வர்ற வெள்ளிக்கிழமை, மதுரை. டாக்டர் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும் — கடல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காமல் இருந்தால் சரி.