குழாய்க்காரர் கேட்ட அனுமதி

மாடியில் குடியிருந்த மைத்துனனின் கழிவுநீர்க் குழாய், கீழ்வீட்டுக் குழாய்க்காரரின் சமையலறைச் சுவரில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஊரில் பாதி வீடுகளின் ஒழுக்கை நிறுத்தியவர் அவர். ஒரு வளைவுத் துண்டும் ஒரு டீ குடிக்கிற நேரமும் போதும். ஆனால் வீட்டுக்காரர் கூப்பிடாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை என்பது அவர் கொள்கை. மைத்துனன் கூப்பிடவில்லை. இவர் வழக்குப் போட்டார்.

ஜெயித்தும் விட்டார். குழாயை மாற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கடைசி வரியில்தான் வில்லங்கம்: வழக்குச் செலவை வழங்க நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி மறுக்கிறது.

"விருப்புரிமைன்னா?"

"குடுக்கலாம், குடுக்காமலும் விடலாம். நீதிபதி இஷ்டம்," என்றார் வக்கீலம்மா.

"அப்ப நானும் தப்பு பண்ணேன்னுதானே அர்த்தம்? மேல அவன் உக்காந்து சிரிக்கிறான். அப்பீல் போடுங்க."

"செலவுக்கு மட்டும் அப்பீல்னா அனுமதி வாங்கணும். முதல்ல இதே நீதிபதிகிட்ட."

"அடிச்சவர்கிட்டயே போய், உங்க மேல புகார் குடுக்கட்டுமா சார்னு கேக்கணுமா?"

"ஆமா. பணிவா கேக்கணும். நான் கேப்பேன். நீங்க வாயைத் தெறக்கக் கூடாது."

வீட்டில் மனைவி தடுத்துப் பார்த்தாள். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவளும் தம்பியும் துணி காயப்போடும் கொடியடியில் காதலர்களைப் போல ஒளிந்து பேச வேண்டியிருந்தது.

"விடுங்களேன், சுவர்தான் காயப்போகுதே."

"சுவர் காயும். என் மானம்?"

அவருடைய வீம்பு மூட்டுவலி மாதிரி. உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

மனு விசாரணைக்கு வந்தது. வக்கீலம்மா பணிவாகத்தான் தொடங்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"குழாய் வேலை தெரிஞ்சவர், சின்ன ஒழுக்கைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டு வந்தார். அதனாலதான் செலவு இல்லேன்னேன். அதுல என்னம்மா பிழை?"

வக்கீலம்மா வாயெடுப்பதற்குள் பின் பெஞ்சில் குழாய்க்காரர் எழுந்துவிட்டார்.

"பிழைதாங்கய்யா! கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல. உங்க வீட்டுல ஒழுகினாலும், நீங்க போன் பண்ணாத்தான் வருவேன்!"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அனுமதி மறுக்கப்பட்டது. போதாக்குறைக்கு, இந்த மனுவால் மைத்துனனுக்கு ஆன செலவை மனுதாரரே கொடுக்க வேண்டுமாம். செலவு கேட்கப் போனவர் செலவோடு வீடு திரும்பினார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி வாசலுக்குப் போய், அத்தனை நாள் அடக்கிவைத்த குரலை மாடிக்கு விட்டாள்.

"தம்பீ! மாமா உனக்குப் பணம் தரணுமாம். கோர்ட்டு உத்தரவு. கீழ வந்து சாப்பிட்டுட்டு வாங்கிட்டுப் போ!"

மைத்துனன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்து, மேசையில் குழாய்க்காரருக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"ரசீது எழுதிக் குடுக்கச் சொல்லு," என்றார் குழாய்க்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எழுதுவான். தட்டு பக்கத்துல காலி டம்ளர் இருக்கு பாருங்க. முதல்ல அவனுக்குத் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார்.