சங்கு வள்ளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வெள்ளி, காலை எட்டரை மணி. சென்னையில் ஏறிய ரயில் நானூறு மைலுக்கு மேல் ஓடி என்னைத் தூத்துக்குடியில் இறக்கியது. கொண்டுவந்தவை: எங்கள் வார்னிஷ் தொழிற்சாலை ஆய்வகத்தில் நான் கலந்த பசை இரண்டு டின், சாக்குத்துணி மூன்று கஜம், தூரிகைகள், நோட்டு. இந்தப் பசையால் உடைந்த மரப்படகை ஒட்ட முடியுமா என்று பார்க்கவே பயணம். கடற்கரைக்குக் குதிரைவண்டி ஆறணா.

மணலில் ஒருக்களித்துச் சாய்த்திருந்த பாய்மர வள்ளம் சோதனைக்குச் சம்மதித்திருந்த மிக்கேல் அண்ணாச்சியுடையது. சங்கு குளிக்க, அதாவது ஆட்கள் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்க, போவது. தீவுப் பாறையில் மோதி அடிப்பலகையில் ஒரு முழத்துக்கு உடைப்பு. பக்கத்திலேயே இரண்டு பலகைகளின் இடுக்கும் விட்டிருந்தது. திங்களன்று வள்ளம் இறங்காவிட்டால் அவருடைய குளியாட்கள் ஆறு பேரும் வேறு வள்ளத்தில் ஏறிவிடுவார்கள். ஏறினால் பருவம் முடியும்வரை மாறமாட்டார்கள். இங்கே அதுதான் வழக்கம்.

"டீச்சரம்மா, இது தண்ணியில கரையாதே?"

"கரையாது. ஆனால் நான் டீச்சர் இல்லை, ரசாயனம் படித்தவள்."

"படிச்ச பொம்பளைன்னா டீச்சர்தானே" என்றார்.

உடைப்பின்மேல் பசையில் தோய்த்த சாக்குத்துணியை மூன்று அடுக்காக ஒட்டினேன். இடுக்கையும் பசையாலேயே நிரப்பினேன். என் வயதே இருக்கும் தச்சர் சூசை அதைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி கணக்கா இருக்கு. எம் பொழைப்புல மண்ணு விழுந்துட்டு" என்று சிரித்தார்.

சனி, மாலை நான்கு மணி. காலையிலிருந்து தண்ணீரில் கிடந்த வள்ளத்தை மேலே இழுத்தோம். துணி ஒட்டிய இடம் அசையவில்லை. இடுக்கில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தை வைத்து நெம்பினேன். பசை பட்டையாகக் கழன்று வந்தது. மரம் ஊறிப் பருத்திருக்கிறது, பசை விட்டுக்கொடுக்கவில்லை. ஆய்வகத்தில் நான் ஊறவைத்துப் பார்த்தது ஒற்றைப் பலகையை. இரண்டு பலகைகள் நெருக்கிக்கொள்ளும் என்பது என் பட்டியலில் இல்லவே இல்லை.

"சொட்டுத் தண்ணி உள்ள வரலியே, போதாதா?" என்றார் மிக்கேல்.

உண்மைதான், இதுவரை வரவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றே ஊர் திரும்பியிருக்கலாம். "போதாது அண்ணாச்சி. ஆழத்தில் வைத்துக் கழன்றால் ஆட்கள் என்ன செய்வார்கள்? இடுக்கில் உள்ள பசையை எல்லாம் சுரண்டிவிட்டுப் பழையபடி பஞ்சுதான் அடைக்க வேண்டும்."

நனைந்த மரம் ஓர் இரவாவது காயாமல், பஞ்சின்மேல் பூசும் குங்கிலியப் பிசின் பிடிக்காது. சூசை தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ஞாயிறு. உளியைத் தொடமாட்டோமே."

மிக்கேலின் தங்கை ரோசம்மா என்னைப் பார்த்தாள். "நாம வேதக்காரங்க, நமக்குத்தான் தடை. இவுகளுக்கு என்ன? அடிக்கட்டும்."

ஞாயிறு, காலை ஒன்பது மணி. மாதா கோயிலில் பூசை முடிந்து, சலவைச் சட்டையோடு வந்த ஆண்கள் மணலில் கைகட்டி உட்கார்ந்தார்கள். நேற்றே சுரண்டிவைத்த இடுக்கில் நான் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் அழுத்தி, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலால் தட்டினேன்.

"அங்கன இல்ல ஏளா, கீழ! கீழ!" என்று வீட்டுப் பெண்ணை அதட்டுவது போலக் கத்திய சூசை நாக்கைக் கடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, கீழ."

"ஏலே, வாயால அடிச்சாலும் வேலைதான். சாமியார்ட்ட சொல்லிருவேன்" என்றார் மிக்கேல்.

"பேசுதது வேலையின்னா, ஒம்ம தங்கச்சி ஏழு நாளும்லா வேலை பாக்குதா!"

"கொதிக்கிற சட்டி எங்கையில இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றாள் ரோசம்மா. சமைப்பதற்குத் தடையில்லை என்பதால் எண்ணெயும் குங்கிலியமும் அவள் வீட்டு அடுப்பில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கொதித்தன.

அந்தக் கலவையைப் பஞ்சின்மேல் பூசி, மூன்று மணிக்கு முடித்தேன். உள்ளங்கையில் நான்கு கொப்புளம். வள்ளத்தை நிமிர்த்தி உள்ளே இருபது குடம் தண்ணீர் ஊற்றி வெளிப்பக்கம் பார்த்தோம். குடம் சுமப்பது பாவத்தில் சேராது என்று அதற்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு துளியும் கசியவில்லை.

திங்கள், விடியற்காலை. குளியாட்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் நேரே வள்ளத்திடம் வந்தார். குனிந்து, அடைத்த இடுக்கின் நீளம் முழுவதும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார், மறுபடி அழுத்தினார். பிறகு வள்ளத்தைத் தள்ளச் சொல்லி ஏறிக்கொண்டார். மற்ற ஐவரும் ஏறினார்கள்.

சென்னைக்குப் போகும் ரயிலில் அறிக்கையை எழுதினேன்: உடைந்த பலகைக்குத் துணியும் பசையும் பொருந்தும், இடுக்குக்குப் பொருந்தாது. என் ஆய்வகத்தில் ஒரு முடிவு தவறினால் கண்ணாடிக் குழாயைக் கழுவி மறுபடி தொடங்குவேன். அந்த முடிவின்மேல் யாரும் ஏறி உட்கார்ந்து கடலுக்குப் போனதில்லை.