கொண்டை வெட்டாத அன்னாசி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்க்கத் தோ பாயோவுக்குப் போனபோது ஓர் அன்னாசி வாங்கினேன். கொண்டையை வெட்ட வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அறுபதுகளில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தேன். பதினேழு வயதில் கேலாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் அன்றோடு நின்றுவிட வேண்டும் என்று சொல்லித்தான் அண்ணன் அனுப்பினார். டின்னில் பிஸ்கட் அடுக்கும் வேலைதான். ஆனால் நான் வீட்டு வாசலைத் தாண்ட இருந்த ஒரே வழி அது. மாலை பஸ்ஸில் ஓர் ஆள் தினமும் என் பின்னால் ஒட்டி நிற்க ஆரம்பித்தான். நகர்ந்தால் அவனும் நகர்வான். வீட்டுக்கு வந்ததும் பாவாடையின் பின்பக்கத்தை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். அண்ணி அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் குழாயடியில் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பஸ்ல. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"சொன்னா உங்கண்ணன் அவனப் புடிக்க மாட்டாரு. உன்னைத்தான் புடிச்சு வீட்டுல வைப்பாரு. அழாத லா."

மறுநாள் வேலை முடிந்து வந்தால், பஸ் நிறுத்தத்தில் அண்ணி நிற்கிறார். கேலாங் சந்தையில் வாங்கிய பெரிய அன்னாசி ஒன்று கையில். பஸ்ஸில் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொண்டை வெளியே நீட்டியிருக்கும்படி அதைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் வழக்கம்போல நெருங்கினான். கொண்டையின் முள் குத்தி அலறித் துள்ளினான்.

"பழம் வேணும்னா கேளுங்க. அதுக்கு ஏன் பொம்பளைங்க முதுகுல வந்து சாயுறீங்க?" அண்ணி தமிழில் ஒரு தரம் கேட்டார், பஸ் முழுக்கப் புரியட்டும் என்று மலாயில் ஒரு தரம். எல்லாரும் சிரித்தார்கள். அவன் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப்போனான். பிறகு அவனைப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த பஸ்ஸில் அண்ணனுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்; அவர் போய்ச் சொல்லிவிட்டார். யாரை இடித்தான் என்று அண்ணன் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றேன். "என்னைத்தான். இவ முன்னாடி உக்காந்திருந்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணி.

அதன்பின் இரண்டு வருடம் அண்ணியைத் தனியாகச் சந்தைக்குக்கூட அண்ணன் விடவில்லை. நான் தினமும் வேலைக்குப் போனேன். "போயிட்டு வா" என்று அண்ணி ஜன்னலில் நின்று சிரிப்பார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி பழத்தைக் கொண்டையோடு பார்த்ததும் அதே சிரிப்பைச் சிரித்தார். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, அன்னைக்கு பஸ்ல அவன் இடிச்சது என்னை" என்றேன்.

அண்ணன் பேப்பரை இறக்கி அண்ணியைப் பார்த்தார். "அப்ப நீ ஏன் மாத்திச் சொன்ன?"

"இவ வேலைய விடச் சொல்லியிருப்பீங்க." அண்ணி பழத்தை வெட்டிக்கொண்டே சொன்னார்.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்துபோய், அன்னாசிக்குத் தொட்டுக்கொள்ள உப்பை அவரே எடுத்துவந்து அண்ணியின் பக்கத்தில் வைத்தார்.