ராணியை அங்கே வைக்காதே

போன வாரம் காலையில் முனிரத்தினத்தின் மகன் சீனு போன் செய்தான். "மாமா, நைனா பூட்டாரு" என்றான். இரும்பு மில் எதிரே டீக்கடைப் பின்பக்கம் முனிரத்தினத்தோடு செஸ் ஆடிய உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். கை மெதுவாகப் போகிறது. ஆனால் அவர் பெயரை யார் உதவியும் இல்லாமல் எழுதிவிட்டேன். துக்கத்துக்கு நடுவிலும் அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மில்லில் அவர் கிரேன் ஓட்டினார். நான் கீழே நின்று சங்கிலி மாட்டுவேன். ஷிப்டு முடிந்தால் செஸ். வேடிக்கை பார்ப்பவர் வாய் திறந்தால் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்ற நம் சட்டம் அவர் போட்டதுதான். அவசரமாகக் காய் நகர்த்தினால், "பஸ்சு பூடுமா இன்னா? பார்த்து வைடா" என்பார்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாக ஆடத் தொடங்கினார். ஒருநாள் போனேன். வெள்ளைக் காயை நகர்த்திவிட்டு எழுந்து, எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இப்ப நீ இன்னா பண்ணணும்? குதிரைய எடு, அதான் நல்லது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார்.

"யாரு பாக்கறாங்க? ஒரு பக்கத்த ஏமாத்திட்டுப் போயேன்" என்றேன்.

"ஏமாத்தி ஜெயிச்சிட்டு யார்கிட்ட போயி சொல்றது?" என்றார்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு இதைக் கேட்டுப் பயம். "உங்கப்பா காலி நாற்காலிகூட பேசிக்கினு கீறாரு" என்று திருநின்றவூரில் இருக்கும் சீனுவுக்குச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறே அவன் டீக்கடைக்கு வந்து நின்றான்.

"புத்தி கலங்கிப்போச்சுன்னு தெருவே பேசுது நைனா. கெளம்பு, ஊட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடு."

"அந்த ஊட்ட உட்டு நான் வரமாட்டேன்."

"தனியா கீறப்ப எதுனா ஆச்சின்னா?"

அவர் பலகையைக் காட்டினார். "உக்காரு. நீ ஜெயிச்சா வர்றேன். நான் ஜெயிச்சா இங்கியே கெடக்கறேன். கலங்கின புத்திய உன்னால ஜெயிக்க முடியாதா?"

சீனு அவரிடம் கற்றவன், விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய யானை ஒன்று போயிற்று. யாரும் டீயைத் தொடவில்லை. கடைசியில் சீனு ராணியைத் தூக்கினான். அவன் கை போன கட்டம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வைத்தால் அவர் வீடு அவருக்கு.

"டேய், ராணிய அங்க வெக்காத. குதிர வெட்டிடும்" என்றார் முனிரத்தினம்.

வீடே போகப்போகிறது, மனிதர் எதிராளிக்கு வழி சொல்கிறார்!

சீனு காயைக் கையிலேயே வைத்திருந்தான். "ஏன் நைனா சொன்ன?"

"தனியா ஆடி ஆடி பழகிடுச்சி. எதிர்ல கீறவனுக்கும் நான்தான யோசிக்கணும்?"

நாற்காலியோடு அவர் என்ன பேசினார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். ராணியை அதே கட்டத்தில் வைத்தான். "வெட்டு."

"வேணும்னே தோக்கறியா? ஒழுங்கா ஆடு."

"வெட்டு நைனா. ரயிலுக்கு நேரமாவுது."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "வெட்டித் தொலைய்யா!" என்று கத்திவிட்டேன். கடையே சிரித்தது, எல்லோருக்கும் டீ வாங்கும் செலவு என் தலையில் விழுந்தது. அவர் குதிரையை நகர்த்தினார். சீனு தன் ராஜாவைப் படுக்கவைத்தான். அதன்பின் ஞாயிறுதோறும் பிள்ளைகளையும் அழைத்து வந்து அவரோடு ஆடினான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சீனு கேட்டான்: "அன்னிக்கு நான் ஜெயிச்சிக் கூட்டினு போயிருந்தா, நைனா தனியா செத்திருக்க மாட்டாருல்ல மாமா?"

வெட்டச் சொல்லிக் கத்தியவன் நான். "தெரியலடா" என்றேன். "ஆனா வெட்டின ராணிய அவரு இன்னா பண்ணாரு, நெனப்பு கீதா?"

அவன் அழுதான். அன்று வெட்டிய ராணியைப் பலகைக்கு வெளியே போடாமல், மகனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடி, வெகுநேரம் பிடித்திருந்தார் முனிரத்தினம். கிரேன் ஓட்டிக் காய்த்துப்போன அந்தக் கையை நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.